ஈட கூச்சோ

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பேருந்து சானமாவுக் காட்டைத் தொட்டதும் சன்னலோரம் இருப்பவர்கள் எல்லாரும் தலையைத் திருப்புவார்கள். யானை நிற்கிறதா என்று பார்க்கத்தான். நானும் திருப்புவேன், ஆனால் என் கண் தேடுவது யானையை அல்ல, காடு முடிந்து ராகிக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில், ஒரு புங்க மரத்தடியில், ஓடு வேய்ந்த ஒற்றை அறையாக ஒரு காலத்தில் நின்ற பள்ளிக்கூடத்தை. இப்போது அங்கே காரைக் கட்டடம் வந்துவிட்டது, சுற்றுச்சுவர் வந்துவிட்டது, இரும்புக் கதவும் சுவர் நிறைய மான்களும் முயல்களும் வந்துவிட்டன. மரம் மட்டும் அதேதான், கொஞ்சம் பருத்திருக்கிறது.

1974 ஜூனில் என் அவ்வா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. ஓசூர்ப் பக்கத்தில் அது ஒரு செய்தியே அல்ல. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம், சந்தையில் தமிழ், கறிக்கடையில் உருது என்று ஒரு பொழுதுக்குள் நான்கு பாஷையும் காதில் விழுந்துவிடும் ஊர்கள் இவை. "படிக்கி போதாம் ரா" என்றாள் அவ்வா. தெலுங்கில் பள்ளிக்கூடத்துக்குப் 'படி' என்று பெயர், முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'படி' என்று ஏவுகிறது, வீட்டு வாசலில் 'படி'யாகக் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. வாத்தியார் வாசலிலேயே நின்று, "வாடா, பள்ளிக்கு வந்துட்டியா?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்த பள்ளியெல்லாம் ஊர். உத்தனப்பள்ளி, நாயக்கனப்பள்ளி, தொரப்பள்ளி. இந்த மனிதர் நம்மை எந்த ஊருக்கோ அனுப்பப் பார்க்கிறார் என்று பயந்து, "எந்தப் பள்ளிக்கு, உத்தனப்பள்ளிக்கா?" என்று அவ்வாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டேன். அவள் பதில் சொல்லும் முன்பே அழுகை வந்துவிட்டது.

வயதுச் சோதனை அழுகையோடே நடந்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும்; தொட்டுவிட்டால் ஐந்து முடிந்துவிட்டது என்று கணக்கு. எட்டாதவன் அடுத்த வருஷம் வரலாம். எனக்குக் காதின் நுனி எட்டியது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் பார்த்து எழுதிக்கொண்டார், அந்த நாள்தான் இன்றுவரை என் எல்லாக் காகிதங்களிலும் என் பிறந்த நாள். இதைப் படிக்கும் உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாதிப் பேருக்கும் ஜூன் மாதம்தான் பிறந்த நாளாக இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஐந்து வகுப்பும் ஒரே அறை. சுவரோரமாகச் சாக்குகள் விரித்திருந்தன. எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நடு அறையில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது மூன்றாம் வகுப்புச் சாக்கிலிருந்து ஓர் அக்கா, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டவள், தன் சிலேட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து, "ஏடவொத்துரா. ஈட கூச்சோ" என்றாள். அழாதேடா, இங்கே உட்கார். அவ்வளவுதான். அந்த ஒரு சாண் சாக்கில்தான் என் படிப்பு தொடங்கியது.

என் கையில் சிலேட்டு இருந்தது, பலப்பம் இல்லை. வரும் வழியிலேயே கொல்லையில் விழுந்துவிட்டிருந்தது. அவள் தன்னுடையதை எடுத்துச் சட்டென்று இரண்டாக முறித்துப் பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். "பலப்பம்" என்றாள் தமிழில். "பலபம்" என்றேன் நான். பின்னாலிருந்து கன்னட வீட்டுப் பையன் ஒருவன் "பளப" என்றான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைக்க அவள் கற்றுக்கொடுத்த அந்த முதல் நாளின் பச்சை வாசனை இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

அவ்வா அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. புங்க மரத்தடியில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாளும். அவளைப்போல இன்னும் நாலைந்து பாட்டிமார் அங்கே இருந்தார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. வகுப்பிலிருந்து எட்டிப்பார்த்தால் சேலைத் தலைப்பு தெரியும், அது தெரிந்தால் போதும். ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் வரவில்லை என்பதே சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

விஜயதசமிக்குச் சேரும் பிள்ளைகளுக்கு வரவேற்பு இன்னும் கொஞ்சம் தடபுடலாக இருக்கும். வீட்டார் பொரிகடலையும் வெல்லமும் கொண்டுவந்து பள்ளிக்கே பங்கிடுவார்கள், தாம்பாளத்தில் அரிசி பரப்பி 'அ' எழுதவைப்பார்கள். அரிசி பண்டிகைக்கு மட்டும் பார்க்கிற பொருளாக இருந்த வீடுகளில் முறத்தில் ராகியைத்தான் பரப்பினார்கள். ராகி உருண்டையான மணி. விரலை எடுத்ததும் சரிந்து வந்து பாதி எழுத்தை மூடிவிடும். எனவே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதல் எழுத்தையே நாலு தடவை எழுதிப் பழகியவர்கள்.

மதியம் மஞ்சள் நிறத்தில் மக்காச்சோள ரவை உப்புமா. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு அது, கேர் அமைப்பு அனுப்பிய ரவையும் எண்ணெயும் பால் பவுடருமாக எங்கள் காலத்தில் வந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்னால் முதல்வராக இருந்த ராஜாஜி எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர். கிராமப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் அப்பனின் தொழிலைப் பழகட்டும் என்று 1953-இல் அவர் கொண்டுவந்த திட்டத்தை அடுத்த ஆண்டே காமராஜர் எடுத்துவிட்டார். எடுத்திராவிட்டால் மதியத்துக்கு மேல் நான் ஆட்டுக்குப் பின்னால் போயிருப்பேன். எங்கள் மண்ணின் பெரிய மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் நான் முழுக்கக் காமராஜர் பக்கம்.

பிறகு எல்லாம் வேகவேகமாக மாறியது. 1970களில் சிப்காட் வந்தது. 1980-இல் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் ஓசூரிலிருந்து புறப்பட ஆரம்பித்தன, கொஞ்ச நாளில் டைட்டன் கடிகாரம், இப்போது கைப்பேசிப் பாகங்கள். 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் அதில் முட்டை சேர்ந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டமானோம். கம்பெனி வேலைக்காரர்கள் வீட்டு வாசலில் ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து நிற்கத் தொடங்கியது. யாரையும் குறை சொல்ல முடியாது, என் பிள்ளைகளும் அந்த வேனில்தான் போனார்கள். ஆனால் அந்த வேன் ஒரு ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போனது பிள்ளைகளை மட்டும் அல்ல. தெலுங்கும் தமிழும் கன்னடமும் சரளமாகத் தெரிந்த, புதிதாக வருகிறவனுக்கு இரண்டு சொல் சொல்லி உட்காரவைக்கத் தெரிந்த அக்காக்களையும் அண்ணன்களையும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. அறுபது பேர் இருந்த பள்ளியில் இருபது பேர் ஆனார்கள்.

அந்த இருபதையும் ஒருவாறு நிரப்பிவைத்திருப்பவர்கள் இன்று யார் என்று கேட்டால், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் குளிருக்கு ரோஜா நன்றாக வரும். கொல்லைகள் இருந்த இடத்தில் வெள்ளை பாலித்தீன் கூடாரங்கள் எழுந்திருக்கின்றன. பிப்ரவரி 14-க்கு முன்னால் அங்கே இரவு பகல் வேலை நடக்கும், பூ விமானம் ஏறும். அதைப் பறிப்பவர்கள் கூடாரத்துக்குப் பின்னாலேயே தகர வீட்டில் இருக்கிறார்கள்.

2025 ஜூன் 2, பள்ளி திறக்கும் நாளில் நானும் போயிருந்தேன். பழைய மாணவர் என்று கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம், பலூன். ஒன்றாம் வகுப்பில் சேர வந்த பிள்ளைகளுக்குக் காகிதக் கிரீடம் வைத்தார்கள், சந்தனம் தொட்டார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். கேரளத்தில் இதைப் 'பிரவேசனோத்சவம்' என்று மாநிலம் முழுக்கத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகத்திலும் திறப்பு விழா உண்டு. எங்கள் பக்கத்திலும் வந்துவிட்டதைப் பார்க்க மனசு நிறைந்தது. காதைத் தொடச் சொல்லி யாரும் பிள்ளையை நிறுத்தவில்லை. காலையிலேயே சாம்பார் மணத்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு. அதைச் சமைக்கும் மகளிர் குழுவில் ஒருத்தி, எனக்குச் சாக்கில் இடம் கொடுத்த அந்த அக்காவின் மருமகள். அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்பிலேயே ஆசிரியையாக இருந்தவள் அவள். இந்த ஒன்றை என்னால் இன்றைக்கும் ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு ரோஜா கொடுத்தார்கள். காம்பு குட்டையாக இருப்பதால் ஏற்றுமதிக்குப் போகாத பூ. வாங்கிய பிள்ளைகள் முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றன. ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் குழந்தை மட்டும் அதை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் அம்மா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள், ஆள்காட்டி விரலில் முள் கீறல்களுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தோட்டத்துப் பூவைத் தொட்டால் அடி விழும் என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். பூவைக் கொடுத்த டீச்சர் பிரியமான பெண். ஆனால் அவர் கையில் கைப்பேசி, அதில் எமிஸ் என்னும் மாணவர் விவரப் பதிவு, படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஒவ்வொரு பெயரையும் ஏற்ற வேண்டும். வேலைக்கு மணியாகிவிட்டது என்று அம்மா போய்விட்டாள். மரத்தடியில் உட்கார அந்தக் குழந்தைக்கு ஓர் அவ்வா இல்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. கிரீடம் காதுக்குச் சரிந்திருக்க, விறைத்துப்போய் நடுவில் நின்றாள். எனக்குத் தெரிந்த அந்த நடு அறை.

சுவரில் விலங்குகளின் படம் மாட்டியிருந்தது. இரண்டாம் வகுப்புத் தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி, டீச்சர் சொல்லாமலேயே, யானைமேல் விரலை வைத்து "யானை" என்றாள். புதுக் குழந்தை பேசவில்லை. "ஏனுகு" என்றாள் அவள், தன் வீட்டுச் சொல்லில். பக்கத்திலிருந்தவன் "ஆனே" என்று கன்னடத்தில் எடுத்துக்கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, கிரீடத்துக்குக் கீழிருந்து, காதில் விழுந்தும் விழாமலும், "ஹாத்தி" என்று ஒரு குரல் வந்தது. மூன்று பிள்ளைகளும் சேர்ந்து "ஹாத்தி!" என்று கத்தினார்கள். உடனே அந்தக் குழந்தை ரோஜாவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தகரத்தைத் தட்டுகிற மாதிரி காற்றில் தட்டிக் காட்டினாள். எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஜார்க்கண்டிலும் நெல் முற்றும் நேரத்தில் யானை வயலில் இறங்கும், ஊரே கூடித் தகரம் தட்டும். இங்கே ராகி முற்றும் நேரம்.

நான் படிக்கும்போது யானை எனக்குப் புத்தகத்துப் படம்தான், ஜவளகிரிப் பக்கம் போய்வந்தவர்கள் சொல்லும் கதைதான். இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாகக் கூட்டமாக வந்து சானமாவில் தங்குகின்றன. கட்டடமும் சாலையும் கூடாரமும் அவற்றின் வழியில் முளைத்துவிட்டன; அவை பழைய வழியிலேயே நடக்கின்றன. வனத்துறைக்காரர்கள் ஊர் ஊராக அறிவிப்பார்கள், காட்டோரம் போகாதே, இருட்டோடு வெளியே வராதே என்று. அந்த மாதங்களில் பிள்ளைகள் பெரியவர்கள் துணையோடு கூட்டமாகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். எங்களுக்குப் பயத்தைக் கொடுத்த யானை, அன்றைக்கு அந்த அறையில் எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல்லைக் கொடுத்தது. நகர்ந்து உட்கார்ந்து பாயில் இடம் விட்டது அந்தத் தெலுங்குப் பெண்தான். "ஆவோ, பைட்டோ" என்றாள். எங்கே கற்றாளோ, தொலைக்காட்சியிலோ, தோட்டத்திலோ.

2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் படிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி வாதமும் வழக்கும் உண்டு. தமிழ் படித்ததால் எனக்குச் சேதம் ஒன்றும் வரவில்லை. என் சோறும் இந்தக் கட்டுரையும் அதில்தான். ஆனால் நான் தமிழுக்குள் ஏறியது தெலுங்குப் படியில் கால் வைத்துத்தான், அந்தப் படியைப் போட்டவள் எட்டு வயது அக்கா. கிரீடமும் தோரணமும் வேண்டும், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவற்றோடு, பிள்ளை வீட்டில் பேசும் பாஷையில் 'வா, உட்கார்' என்ற இரண்டு சொல்லை வாசலில் நிற்கும் பெரியவர் ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் வாரம் மட்டுமாவது அம்மாவோ பாட்டியோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். தோட்டத்து முதலாளிகள் ஜூன் முதல் வாரத்தில் அந்தத் தாய்க்கு இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தால் ரோஜா ஒன்றும் வாடிப்போகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் பலர் தயங்குகிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, பிறப்புச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, ஜூன் தாண்டிவிட்டது என்றோ சொல்லி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் ஊர்ச் செங்கல் சூளையிலோ கல்குவாரியிலோ பூக்கூடாரத்திலோ பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையைப் பார்த்தால், அதன் தாயிடம் இதைச் சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டால் சூடாகச் சாப்பாடும் இருக்கும்.